அரைமணி சம்பந்தி

என் சம்பந்திக்கு வீடு வீடாகப் போய் ஏசி மாட்டுகிற வேலை. கடையில் அவருக்கு வைத்த பெயர் ‘அரைமணி’. புதுச் சட்டப்படி, மாட்டிய மெஷினை அரைமணி ஓடவிட்டு, உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் எத்தனை டிகிரி என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது கரண்டை வீணாகத் தின்கிறதா இல்லையா என்று அதில்தான் தெரியுமாம். மற்றவர்கள் மாட்டிய கையோடு வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். இவர் உட்கார்ந்திருப்பார். முதலாளியிடம் தினம் திட்டு வாங்குவார்.

பேத்தி பிறந்த அன்று மத்தியானமே நான் பார்த்துவிட்டேன். மிளகு அளவு மூக்கு! ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு மேல் யாரையும் விடமாட்டார்கள். நாலரைக்கே ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிவரப் போனேன். அவர் வேலை செய்துகொண்டிருந்த வீடு நாலாவது மாடி. மெஷினுக்குக் கீழே ஸ்டூலில் துவண்டுபோய் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இது நாலாவது வீடு.

“யார் ஜாடை?” என்றார்.

“உங்க ஜாடை இல்ல, பொழச்சுது. கிளம்புங்க.”

“பத்து நிமிஷம், சம்பந்தி.”

“ஜில்லுனுதானே இருக்கு, எழுதிட்டுப் போங்கண்ணே” என்றார் வீட்டுக்காரம்மா.

அளந்தார். பன்னிரண்டு டிகிரியாவது வித்தியாசம் வரவேண்டும். ஏழுதான் வந்தது. குழாய் மூட்டில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழி குமிழியாகக் கிளம்பியது.

“நான் போட்ட மூட்டுதான். கை அசந்துபோச்சு.”

“பன்னெண்டுன்னு எழுதுங்க. நாளைக்கு வந்து சரி பண்ணிக்கலாம். எவன் கேக்கப்போறான்?” என்றேன்.

“நாளைக்கு அஞ்சு வீடு இருக்கு. நான் வரமாட்டேன், எனக்கே தெரியும். கேஸ் போயிட்டே இருக்கும், மெஷின் விடாம ஓடும். இந்தம்மாதான் பில்லு கட்டணும்.”

கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாயை வெட்டி, மூட்டைப் புதிதாகப் போட்டு, குறைந்த கேஸை ஏற்றி, மறுபடி அரைமணி. பதிமூன்று வந்தபோது மணி ஆறேகால்.

படிவத்தில் முதலில் ஏழு என்று எழுதினார். பக்கத்தில், ‘மூட்டுக் கசிவு, என் தவறு’. அதற்குக் கீழேதான் பதிமூன்று.

“அந்த ஏழு டிகிரிய வேற எழுதணுமா?” என்றேன்.

“வந்துச்சுல்ல?”

மறுநாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒன்பதுக்கு அடுத்த வீடு. முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தவரிடம் குழந்தையை நீட்டினேன்.

“என் கை சொரசொரன்னு இருக்கு, குத்தும். நீங்களே வச்சுக்குங்க” என்று குனிந்து பார்த்தபடி நின்றார். கடையிலிருந்து போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.