குடியை விட்ட மூன்றாம் நாள்

கூலித் தொழிலாளி குடித்தால் குடிகாரன். எழுத்தாளன் குடித்தால் மேதை. அவனுடைய குடிக்கு வாழ்க்கை வரலாற்றில் தனி அத்தியாயமே ஒதுக்கிவிடுவார்கள். எமிலியானாவுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அவள் இரண்டு பேருடைய வாந்தியையும் துடைத்திருக்கிறாள்.

மன்னாரிலிருந்து இளம்பெண்ணாக இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தவள். ஒரேத்தோப் பகுதியில் இரண்டறை வீடு, கணவர் றோபேட், ஞாயிறானால் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை. வேலை, துறைமுகத்துக்கு அருகில் ஒரு பழைய மாடிவீட்டில். அங்கே டெல்மர் ஹாக்ஸ்பி என்ற அமெரிக்கக் கிழவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, விழாமல் பிடிப்பது.

ஹாக்ஸ்பி ஒரு காலத்தில் மர ஆலை ஊர்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதியவர். சின்னக் கதைகள், கல்லைப் போலக் கனத்தவை. அவருடைய நாட்டுக் கல்லூரிகளில் இன்றும் அவற்றைப் படிப்பிக்கிறார்கள். தகப்பனிடம் பெல்ற்றால் அடி வாங்கி வளர்ந்தவர். இரண்டு மனைவிமார் விட்டுப் போனார்கள். மகன் பேசுவதில்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சிறையிலும் இருந்தார். அவரைப் பற்றிய கட்டுரைகளில் மனைவிமாருக்கு ஒரு வரி, விஸ்கிக்கு ஒரு பக்கம். கடைசியாக எப்போது எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை.

ஒரு காலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். தூக்கிய எமிலியானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை நிப்பாட்டு" என்று அழுதார்.

நிறுத்துவதற்கு அவளுக்கு ஒரு வழி தெரியும். றோபேட்டை அப்படித்தான் நிறுத்தினாள். துறைமுக வேலையில் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்த மனிதனை புனித ரோசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலுடன் கூட்டிப்போய், இனித் தொடமாட்டேன் என்று மெழுகுதிரியைப் பிடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். மூன்று நாள் நடுங்கினார். கோயில் சனம் முறை வைத்து வந்து, கையைக் காலைப் பிடித்துச் செபமாலை சொன்னது. "குடி இறங்குது, பயப்பிடாதை" என்றார்கள். நாலாம் நாள் எழும்பிக் கஞ்சி கேட்டார். அன்றிலிருந்து தொடவில்லை. ஒவ்வொரு திருநாளிலும் கோயிலில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகச் சொல்வார்.

ஒரு மனிதன் பிழைத்துவிட்டால் அது சாட்சி. பிழைக்காதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

கிழவரை டாக்சியில் மலைக்குக் கொண்டுபோனாள். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தும் மெழுகுதிரியைப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் போத்தல்கள் எல்லாவற்றையும் கழுவு தொட்டியில் ஊற்றினாள். ஒரு வைத்தியரிடமும் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. அவளுக்குச் சந்தோசம்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெற்குக் காற்று யன்னலில் அனலாக மோதியது. கிழவர் படுக்கையில் எழுந்திருந்து, அலமாரிக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "வெர்ன், கோடாலியை வெளியிலை வை" என்றார்.

பக்கத்தில் இருந்த சினோரா கொஸ்தான்ஸாவின் முகம் மலர்ந்தது. ஹாக்ஸ்பியின் கதைகளை இத்தாலிய மொழிக்கு மொழிபெயர்ப்பவர் அவர். கடைசிக் கதை ஒன்று வரும் என்று ஒவ்வொரு நாளும் வந்து காத்திருப்பவர்.

"வெர்ன் அவரின்ரை முதல் கதையிலை வாற ஆள்," என்றார். கை அதற்குள் பேனையை எடுத்துவிட்டது. "கதை வருகுது, எமிலியானா. அவருக்கு எப்பவும் காய்ச்சலோடதான் வரும். நீ குழப்பாதை."

எமிலியானா நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"சினோரே, நான் ஆர்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. படுக்கை விரிப்பைக் கிள்ளத் தொடங்கினார். சிந்திய அரிசியைப் பொறுக்குவதுபோல, மெதுவாக, கவனமாக.

இந்தக் கிள்ளலை முன்பும் பார்த்திருக்கிறாள். கோயிலுக்கு வரும் அகஸ்ரீனாவின் கணவரும் குடியை விடுவதாக அதே மலையில் அதே நேர்த்தி வைத்தவர். மூன்றாம் நாள் இப்படித்தான் விரிப்பைக் கிள்ளிக்கொண்டு கிடந்தார். சுற்றி நின்று செபித்தவர்களில் எமிலியானாவும் ஒருத்தி. பொழுதுபடுமுன் செத்துப்போனார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருதயம் நிற்காமல் உலகத்தில் யார் செத்தது? அதன் பிறகு அந்த மரணத்தைப் பற்றிக் கோயிலில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

குசினிக்குப் போய் றோபேட்டுக்குத் தொலைபேசி அடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அவருக்கு உடம்பு கொதிக்குது. என்னை ஆரெண்டு தெரியேல்லை."

"எனக்கும் உப்பிடித்தான். உன்னை மாமி எண்டு கூப்பிட்டனான். நீ விழுந்து விழுந்து சிரிச்சனீ."

"அகஸ்ரீனான்ரை மனுசன் செத்தவர்."

"அது இருதயம்."

"எந்த டொக்டர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொன்னவை. நேர்த்தியை இடையிலை முறிச்சுப்போட்டுக் கோயில் பக்கம் எப்பிடிப் போறது? பொறு, நான் வாறன்."

பொறு. கணவரும் பொறு என்கிறார், சினோராவும் பொறு என்கிறார். ஒருவருக்குக் குடி இறங்குகிறது, மற்றவருக்குக் கதை இறங்குகிறது. இரண்டு பக்தியும் கைகோத்துக்கொண்டு ஒரு கிழவனைக் கொன்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தது.

எமிலியானா அவசர இலக்கத்தை அழுத்தப் போனாள். வாசலுக்கு வந்துவிட்ட கொஸ்தான்ஸா அவளுடைய கையைப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரியிலை ஊசி போட்டு நித்திரையாக்கிப்போடுவினம். எல்லாம் போயிடும். ஒரு மணித்தியாலம் விடு."

"கையை விடுங்கோ, சினோரா."

"போத்தலுகளை ஊத்தினது ஆர் எண்டு கேப்பினம். என்ன சொல்லப் போறாய்?" குரல் தணிந்தது. "உன்ரை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

வதிவிட அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். சினோராவுக்கு அது தெரியும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான்.

உள்ளே கிழவர் யாரையோ பெயர் சொல்லி அழைத்தார். எமிலியானா கையை உதறிவிட்டு அழுத்தினாள்.

அம்புலன்ஸில் வந்த பெண் வைத்தியர் ஏறிய மூச்சு ஆறுமுன், "என்ன நடந்தது?" என்றார்.

"காய்ச்சல்," என்றார் கொஸ்தான்ஸா.

"இல்லை," என்றாள் எமிலியானா. "குடியை நிப்பாட்டினது. நான்தான் நிப்பாட்டினனான். இண்டைக்கு மூண்டு நாள்."

"ஒரேயடியாவா?"

"ஓம்."

வைத்தியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு படிகளில் தூக்குக் கட்டிலை இறக்கும்போதுதான் சொன்னார்: "சொன்னது நல்லது. இல்லையெண்டால் நாங்கள் கிருமியைத் தேடிக்கொண்டிருப்பம். நீண்டகாலம் குடிச்ச உடம்பைச் சட்டெண்டு நிப்பாட்டினால் ஆள் சாகலாம். மருந்தோடதான் விட வேணும்."

அனுமதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஹாக்ஸ்பி பிழைத்தார். கதை எதுவும் எழுதவில்லை. காலையில் யன்னலருகே இருந்து நாப்போலிக் கப்பல் வருவதைப் பார்க்கிறார், தானே முட்டைக்கு உப்புப் போடுகிறார். கொஸ்தான்ஸா அந்த மத்தியானத்தில் குறித்த பிதற்றல்களைக் கோத்து ஒரு சஞ்சிகையில் 'இறுதிச் சுடர்' என்று வெளியிட்டார். முன்னுரையில் 'அறியாமையுள்ள ஒரு பணிப்பெண்' அதை அணைத்துவிட்டதாக எழுதியிருந்தார். எமிலியானா அதை வாசித்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். மானமும் இல்லை ரோசமும் இல்லை என்று நினைக்க வேண்டாம். அவளுடைய கோபம் வேறோர் இடத்துக்குத் தேவைப்பட்டது.

திருநாள் வந்தது. வழக்கம்போல றோபேட் எழுந்து சாட்சி சொன்னார். அவர் அமர்ந்ததும் எமிலியானா எழுந்தாள். கிழவரைப் பற்றிச் சொன்னாள், ஊசியைப் பற்றிச் சொன்னாள், பிறகு அகஸ்ரீனாவின் கணவருடைய பெயரைச் சொன்னாள்.

"இரடி," என்றார் றோபேட் பல்லைக் கடித்துக்கொண்டு. பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ, "அமெரிக்கன்ரை சாப்பாடு வேலை செய்யுது" என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

முன் வாங்கில் இருந்த அகஸ்ரீனா சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் எமிலியானாவின் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப, அவரைக் கொண்டு போயிருந்தால்?"

பொய் சொல்வது இலகுவாக இருந்திருக்கும்.

"தப்பியிருப்பார் போலை, அக்கா."

அகஸ்ரீனா சேலையை விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள். பிறகு பல ஞாயிறுகள் எமிலியானா இருந்த வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை.

மாரி தொடங்க, பீலிக்ஸ் என்ற இளைஞன் குடியை விட நேர்த்தி வைக்கப் போவதாகக் கோயிலில் கதை வந்தது. மலைக்குப் போகுமுன் அவனைப் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனது அகஸ்ரீனா.