கல்யாணப் பத்திரிகையை அழித்த நாள்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்து அச்சகமொன்றில் கம்ப்யூட்டரில் பத்திரிகை அடிப்பது என் வேலை. மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப்போன மம்சாபுரத்துக்காரர், அவளுடைய காரியப் பத்திரிகைக்காகத் திரும்ப வந்தார். கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"தம்பி, அந்தக் கல்யாணப் பத்திரிகை இதுக்குள்ள இன்னும் கெடக்கா? ஒண்ணுமில்லாம அழிச்சிருங்க."

வெறுமனே அழித்தால் திரும்ப எடுத்துவிடலாம். அதன் மேலேயே வேறொன்றை எழுதினால்தான் அடியோடு போகும். சொந்தக்காரர்கள் பெயரை மறுபடி அடிக்கச் சோம்பி, பழைய ஃபைலின் மேலேயே புதியதை அடிப்பது எங்கள் வழக்கமும்கூட. அந்த ஃபைலிலேயே முகூர்த்தத்தை எடுத்துவிட்டுக் காரியத்தைப் போட்டுச் சேமித்தேன்.

அச்செடுத்த தாளில், அவள் பெயருக்கு முன்னால் மணப்பெண்ணுக்குப் போடும் 'திருநிறைச்செல்வி' அப்படியே நின்றது. பதறிப்போய் அதை அழிக்கக் கீபோர்டில் கை வைத்தேன்.

"அது மட்டும் இருந்துட்டுப் போகட்டும், தம்பி" என்றார்.

அதன்பின் எந்தக் காரியப் பத்திரிகையையும் பழைய ஃபைலின் மேல் நான் அடித்ததில்லை. வெற்றுத் திரையில்தான் தொடங்குவேன்.