டைனமோ வெளிச்சம்

"அம்மா, ஒரு வகை நட்சத்திரம் வெடிக்கறப்போ எப்பவும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம்தான். அதனால மங்கலாத் தெரிஞ்சா, அது இருக்கற கேலக்ஸி ரொம்ப தூரம்னு கணக்குப் போட்டுடலாம்" என்றாள் மகள், மொபைலில் வீடியோவை நிறுத்திவிட்டு.

எனக்குப் பிடிபடவில்லை. சைக்கிள் டைனமோ டயரில் உரசும் சத்தம்தான் காதில் கேட்டது.

ஹெப்பாள் ஃபாக்டரியிலிருந்து அப்பா சைக்கிளில்தான் வருவார். கரண்ட் போன சாயங்காலங்களில் அக்ரஹாரத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கையெல்லாம் துரு மணக்கும். தெருக்கோடியில் அவர் விளக்கு தெரிந்ததும் நான் குரல் கொடுக்க வேண்டும், அம்மா காபிக்குப் பால் வைப்பாள். பிரகாசமாக இருந்தால் பக்கம், மங்கலாக இருந்தால் தூரம். அதுதான் என் கணக்கு.

ஒருநாள் பளிச்சென்று வந்த விளக்கு மங்கி மங்கி அணைந்தே போனது.

"அம்மா, அப்பா திரும்பிப் போறார்!" என்று அழுதேன்.

"சும்னே அழாதேடி. மேட்டுல இறங்கித் தள்ளிண்டு வரார், சக்கரம் வேகமாச் சுத்தினாத்தானே லைட் எரியும். கால் ஓஞ்சு போச்சு அவருக்கு."

அதற்குள் வாசலில் மெஷின் ஆயில் வாசனை.

"அந்த நட்சத்திரம் களைச்சுப் போயிருந்தா?" என்று மகளைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன் அடித்தது. நஞ்சன்கூட்டில் தம்பி வீட்டில் இருக்கும் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"லைன் சரியில்லைப்பா. எங்கேயோ தூரத்துல கேக்கறது."

"லைன் நன்னாத்தான் இருக்கும்மா" என்றார் அப்பா.