மூன்றாம் பாலத்துக்குக் கீழே

என் கடைக்கு ரிப்பேருக்கு வருகிறவர்களில் சைக்கிளைத் துடைத்துவிட்டுக் கொண்டுவருகிற ஒரே ஆள் கீமேன் அண்ணன்தான். மற்றவர்கள் சேற்றோடு கொண்டுவந்து சாத்திவிட்டு, அதையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கழுவுவது யார்? நான்தான்.

கீமேன் என்பது அவர் பார்த்த வேலை. ரயில் ஓடிய காலத்தில் தினமும் விடிந்ததும் தண்டவாளத்தோடு நடந்துபோய், கழன்றிருப்பதைச் சுத்தியால் அடித்து இறுக்க வேண்டும். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. இருபத்திரண்டு வருஷம் நடந்தார். பிறகு ஒருநாள் லைனை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், கட்டைகளை அள்ளினார்கள், ஜல்லியை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டார்கள். அவரைக் கொண்டுபோய் ஒரு கிடங்கில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். ஆறே மாதத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர்.

அப்படித்தான் என்னிடம் வந்தார். பழைய இரும்பு பிரேம் ஒன்றில் அகலமான டயரும் இறக்கத்தில் நிற்கிற மாதிரி நல்ல பிரேக்கும் போட்டுக் கொடுத்தேன். பிரேமுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள அவர் மனைவி தடித்த துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். ஸ்பேனர், பம்பு, தண்ணீர் எல்லாம் அதற்குள். ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுவார். மூடிய லைனையும் மரம் இழுத்த பழைய வண்டித் தடங்களையும் காட்டுக்குள் ஒன்றோடொன்று முடிந்து, முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு நான்கு வருஷம் ஆயிற்று. எந்த இடத்தில் ஜல்லி காலை வாரும், எந்த ஓரத்தில் மண் இறுகியிருக்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

அந்த வழியில் மூன்றாவது பாலம் தாண்டியதும் இரண்டு கிலோமீட்டர் ஒரு தேன்காரம்மாவின் காடு. லைனை மூடியதும் நிலம் அவருக்கே திரும்பிவிட்டது. கதவு போட்டிருந்தார். மரத்தடியில் வரிசையாகத் தேனீப் பெட்டிகள். அண்ணன் போய்ப் பக்குவமாகக் கேட்டபோது, நீங்களும் கூட ஒருத்தரும் வரலாம், அதற்கு மேல் ஒரு சக்கரம் வரக்கூடாது, யாருக்கும் வழி சொல்லக்கூடாது என்றாராம். அண்ணன் வாக்குக் கொடுத்தார். என்னிடம்கூட அந்தக் கதவு இருக்கும் திசையைக் காட்டியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மூன்றாம் பாலம் வந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வலது பக்கம் சரிவில் இறங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இடது பக்கமாக ஏறுவார். மேலே விட்டுப்போன சைக்கிள் ஒருமுறை திருடுபோனதால் இந்தத் தூக்கல். பிரேமில் ஏன் இத்தனை கீறல் என்று ஒருநாள் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. வேலையில் இருந்தபோது அந்தப் பாலத்தின் அடியில் ஒரு கல் நழுவியிருப்பதைப் பார்த்து, லைனுக்குக் குறுக்கே சிவப்புத் துணி கட்டி ரயிலை நிறுத்தியவர் இவர். முன்னூறு பேர் இருந்த ரயில். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று சொல்லவே இல்லையாம். ரயில் போனாலும் கண் பார்க்கச் சொல்கிறது, என்ன செய்ய என்றார்.

கூட வரும் அந்த ஒருத்தர் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அப்பா இல்லாத பிள்ளை. படிக்க வைத்தது அண்ணன். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அண்ணன். இப்போது வயது நாற்பத்தொன்று. அக்காவுக்கு மட்டும் இன்னும் சின்னப் பையன். பாலம் வந்தால் மாமா இறங்குவார், இவன் மேலேயே நின்று தண்ணீர் குடிப்பான். எதற்கு இறங்குகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் மூன்று பேர் வளைந்த சக்கரங்களோடு கடைக்கு வந்தார்கள். புது வழி ஒன்று ஆப்பில் வந்திருக்கிறது, சைக்கிள் சங்கத்தில் இந்த வருஷத்தின் சிறந்த வழி என்று பரிசு வாங்கியிருக்கிறது, அதில் ஒரு பாலத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவதுதான் கஷ்டம் என்றார்கள். எதற்கு இறங்க வேண்டும், பாலத்தின் மேலேயே போகலாமே என்றேன். கோடு அப்படித்தான் போகிறது என்று போனைக் காட்டினார்கள். நீலக் கோடு பாலத்தில் வலது பக்கம் விலகி, அடியில் நுழைந்து, இடது பக்கம் வந்து சேர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே, வழியைக் கண்டுபிடித்தவர் என்று போட்டிருந்த பெயரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மச்சினன் பெயர்.

மறுநாள் அண்ணனிடம் காட்டினேன். முதலில் புரியவில்லை. கூட எடுத்துப்போகிற போன் எந்தத் தடத்தில் போகிறதோ அதை ஆப் அப்படியே கோடாகப் பதிந்துவிடும் என்று விளக்கினேன். கோடு பதிவான தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்குப் பாக்கெட் கிழிஞ்சிருக்கு மாமா, போனை உங்க பையில வச்சுக்கோங்கன்னு குடுத்தான்மா," என்றார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இது பாயக்கூட இல்லை, பைக்குள் உட்கார்ந்துகொண்டு சவாரி செய்திருக்கிறது. நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன்.

அதற்குள் தேன்காரம்மாவின் காட்டுக்குள் கூட்டம் புகுந்துவிட்டது. இரண்டு பெட்டிகளைச் சாய்த்திருக்கிறார்கள். ஒரு பெட்டித் தேனீ மொத்தமும் பறந்துபோயிருக்கிறது. தேன்காரம்மா கதவில் சங்கிலி போட்டுவிட்டார். ஆட்கள் சங்கிலியைத் தாண்டி சைக்கிளைத் தூக்கிப் போட்டுப் போனார்கள். அண்ணன் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தம்மா சத்தம்கூடப் போடவில்லையாம். "அந்தப் பாலத்துக்கு அடியில இறங்குற ஆளு இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான். கோடு அப்படியே உங்க நடை மாதிரி இருக்கு. இன்னும் எதுக்கு வந்தீங்க?" என்றாராம். இவர் மச்சினன் பெயரைச் சொல்லவே இல்லை. நான் இருந்திருந்தால் பெயர், முகவரி, செருப்பு அளவு எல்லாம் சொல்லியிருப்பேன்.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான், ஒரு பாதைக்குப் போய் இவ்வளவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்களா என்றாராம் மனைவி.

அடுத்த ஞாயிறு அண்ணன் என்னிடம் ஒரு சிவப்புத் துணி கேட்டார். கடைத் துணி, கிரீஸ் கறையோடு இருந்தது. நானும் கூடப் போனேன். மூன்றாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், கதவுக்கு முன்னால், பாதைக்குக் குறுக்கே இரண்டு குச்சி நட்டுத் துணியைக் கட்டினார். பாதையில் கோளாறு என்றால் கீமேன் செய்கிற வேலை. வந்தவர்களிடம் தனியார் நிலம், காட்டைச் சுற்றிப் போங்கள் என்று நல்ல மாதிரியாகச் சொன்னார். பெரும்பாலும் திரும்பிப் போனார்கள்.

பத்து மணிக்கு மச்சினன் இருபது பேரோடு வந்தான். எல்லாரும் வரிசையாக சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அடியில் நுழைந்து, மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். இவரைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. பிறகு சிரித்தான்.

"மாமா, எல்லாரும் பாக்குறாங்க. வழி விடுங்க."

"விடறேன். பாலத்துக்கு அடியில எதுக்கு இறங்கி ஏறணும்னு இவங்களுக்குச் சொல்லு. சொன்னா விடறேன்."

அவன் திரும்பி ஆட்களைப் பார்த்தான். "கொஞ்சம் சவாலா இருக்கட்டும்னு நான் வச்சது," என்றான்.

அண்ணன் தலையை ஆட்டினார். "வேலையில இருந்தப்போ பாலத்துக்கு அடியில பாக்காம நான் ரயிலை விட்டதில்ல. அந்தப் பழக்கத்துல இறங்குறேன். நீ மேல நின்னு தண்ணி குடிச்சிட்டிருந்தே. கேட்டிருந்தா உனக்குன்னு வேற வழி போட்டுக் குடுத்திருப்பேன்டா. நாலு வருஷம் ஆனாலும் போட்டிருப்பேன்."

முதலில் ஒரு பெண் சைக்கிளைத் திருப்பினாள், பின்னாலேயே மற்றவர்களும். கடைசியாக அவனும் போனான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

கதவுக்கு உள்ளே தேன்காரம்மா எப்போது வந்து நின்றாரோ தெரியாது. சங்கிலியைக் கழற்றினார்.

"அண்ணே, எனக்குத் தெரியாமப் போச்சு. உங்களுக்கு எப்பவும் வழி உண்டு. வாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போங்கண்ணே என்று முதுகில் தட்டினேன். அவர் அசையவில்லை.

"இல்லம்மா. போன் என் பையிலதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, துணியை அவிழ்த்து அந்தம்மா கதவிலேயே கட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். திரும்பும்போது பாலத்துக்கு அடியில் இறங்கவில்லை. மேலேயே போனார். காலையில் வரும்போதுகூட இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதே நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் வழக்கம்போலத் துடைத்திருந்தது. பையைக் கழற்றித் தரச் சொன்னார். பட்டை இறுகிப்போயிருந்ததால் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அக்கா கையால் தைத்தது அண்ணே, அவங்க வருத்தப்படுவாங்க, ஸ்பேனரையெல்லாம் எதில் வைப்பீர்கள் என்றேன்.

"பாக்கெட்டுல வச்சுக்கிறேன்," என்றார். "இனி அடுத்தவங்க சாமானை நான் சுமக்கிறதா இல்லம்மா."