பக்கம் புரண்ட சத்தம்

நீதிமன்றத்தில் அவளுக்குக் 'கோழிக்கால்' என்று பெயர். அவளுடைய சுருக்கெழுத்து நோட்டை ஒருநாள் எட்டிப் பார்த்த வக்கீல் ஒருவர், "என்னம்மா இது, ஈர மண்ணுல கோழி நடந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கோழி எதையும் விட்டுவைத்ததில்லை. சாட்சியின் திக்கல் முதல் நீதிபதியின் இருமல் வரை கொத்தி எடுத்துவிடும். ஆனால் தலை மட்டும் நிமிராது. நிமிர்ந்தால் இரண்டு சொல் கைநழுவிப் போகும். இருமலை வைத்தே நீதிபதியைக் கண்டுகொள்பவள், கடைத்தெருவில் அவரே எதிரில் வந்தபோது, "கொஞ்சம் தள்ளுங்க" என்று இடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தங்கை ஒரு துணிப்பையோடு வந்து வாசலில் நின்றாள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. முறித்தவன் புருஷன்.

அடுத்த ஞாயிறு இருவரும் தங்கள் சபைக்குப் போனார்கள். அவன் முன்வரிசையில் தலைவாரி, பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தான். போதகர் குடும்பத்தைப் பற்றிய பகுதியை வாசித்தார். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியட்டும் என்ற இடம் வந்ததும் வேதத்தை மூடினார். பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்த கோழிக்காலின் பென்சில் அந்தரத்தில் நின்றது. கணவன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்குமளவுக்கு அவளை நேசிக்க வேண்டும் என்று அடுத்து வருமே? அது எங்கே?

ஆராதனை முடிந்ததும் போய்க் கேட்டாள். "போதகரே, பாதியில நிறுத்திட்டீங்களே?"

"நேரமாயிடுச்சும்மா."

"கூரை ரிப்பேரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசினீங்க. எழுதி வெச்சிருக்கேன், படிக்கட்டுமா?"

அவர் முகம் சுருங்கியது. "உன் தங்கச்சி இங்க வரணும்னா புருஷன்கிட்ட திரும்பிப் போய், அவன் பக்கத்துலதான் உக்காரணும். தனியா வந்தா சபைக்கு இடறல், மத்தவங்களுக்குக் கெட்ட முன்மாதிரி."

கை முறித்தவனுக்கு முன்வரிசை, முறிந்தவளுக்கு வாசற்படி. நீதிமன்றத்தில் பாதிச் சாட்சி பொய்ச் சாட்சி. பிரசங்க மேடையில் மட்டும் அது தேவவாக்காகிவிடுமா?

தங்கை அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வேதம் என்னை விரட்டலக்கா. பாதி படிச்ச ஆள்தான் விரட்டினாரு. முழுசா படிக்கிற இடம் ஒண்ணு கண்டுபிடி. என்னால பாட்டில்லாம, ஜெபமில்லாம இருக்க முடியாது. இல்லேன்னா அங்கேயே திரும்பிப் போயிடுவேன்."

அதன்பின் வந்த ஞாயிறுகள் கனவில் நடப்பது போல் இருந்தன. தெருவெல்லாம் வெளுத்த வெயில். ஒரு மணியோசை அடங்குமுன் வேறெங்கோ இன்னொன்று எழும். அவள் ஒரு கதவைத் திறந்து நுழைவாள். உள்ளே வண்ணக் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் அவள் நோட்டின்மேல் மீன்குஞ்சுகளாய் நீந்தும். மறுவாரம் வேறு கதவு. ஓரிடத்தில் போதகர் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, நாற்பது நிமிடம் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பேசினார். ஓரிடத்தில் கடவுள் கார் தருவார் என்றார்கள். எந்தக் கம்பெனி என்றுதான் சொல்லவில்லை. இன்னொரு சபையில் உபதேசத்தில் ஒரு குறையும் இல்லை, எழுத எழுத இனித்தது. வெளியே வரும்போது பார்த்தால், கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குத் தனிப் பெஞ்சு, அதுவும் கடைசியில். 'உட்காருமிடத்தில் வேதம் இல்லை' என்று எழுதிக் கோடு போட்டாள்.

ஒவ்வொரு ஞாயிறும் மதியம் அவள் நோட்டை வாசிப்பாள். ஜன்னலோரம் தங்கை மடியில் வேதத்தை விரித்துவைத்து, இடதுகை விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே ஒத்துப் பார்ப்பாள். திரைச்சீலை உள்ளே வந்து வந்து போகும். இருவருக்கும் பாதித் தூக்கம்.

பதினோராவது சபை ஒரு கடிகாரக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே ஏழைகளை மிதிப்பவர்கள்மேல் தீர்க்கதரிசி கோபப்படும் அதிகாரத்தை எடுத்தார்கள். ஒரு குரல் நிதானமாக வாசித்தது. உள்ளவன் இல்லாதவனை நசுக்கும் இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. நீண்ட அமைதி. பிறகு 'ஆமென்'. பென்சில் முனை ஒடியக் கோடு போட்டாள். இவர்களுமா? கோபத்தில், பிரசங்கம் தொடங்குமுன்பே படியிறங்கிவிட்டாள்.

மதியம் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத் தங்கை எழுந்தாள். துணிப்பையை எடுத்து இரண்டு புடவையை மடித்து வைத்தாள்.

"என்னடி பண்றே?"

"வர்ற ஞாயித்துக்கிழமை அங்க போயிடுறேன்க்கா. பதினொண்ணு பாத்தாச்சு. நீ குத்தம் பாக்குறதுக்குன்னே பொறந்தவ."

"அடுத்து உன் இடதுகையையும் முறிப்பான்."

"தெரியும்." பையின் வாயை இறுக்கினாள். "ஆனா தனியா இருக்கிறதும் ஒரு முறிவுதான்."

கோழிக்கால் நோட்டை மூடப் போனாள். தங்கை மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்து, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கடைசியத் திரும்பப் படி" என்றாள், ஏதோ தாலாட்டுக் கேட்பவள் போல.

அவள் படித்தாள். "வாசிப்பு நிற்கிறது. அமைதி. பக்கம் புரளும் சத்தம், கூடம் முழுக்க ஒரே நேரத்தில். அமைதி. மறுபடி பக்கம் புரளும் சத்தம். ஆமென்."

தங்கை மடியிலிருந்த வேதத்தைப் புரட்டினாள். சரியாக இரண்டு தடவை பக்கம் புரட்டிய பிறகுதான் மீதி வசனங்கள் முடிந்தன.

"அக்கா, படிக்காம விட்டாங்கன்னா, அத்தனை பேரும் எதுக்கு ஒண்ணா பக்கம் திருப்பினாங்க?"

கோழிக்கால் அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"நீ தலை நிமிர்ந்து பாத்தியா?"

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

மறுஞாயிறு இருவரும் மாடியேறினார்கள். கீழே நூறு கடிகாரங்கள் நூறு விதமாகத் துடித்துக்கொண்டிருந்தன. கோழிக்கால் நோட்டைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள். குரல் பாதி அதிகாரம் வாசித்து நின்றதும் நிமிர்ந்தாள்.

சலவைக்காரி ஒருத்தி மேடையில் நின்றிருந்தாள். வாய் அசையவில்லை. மீதி வசனங்களை அவள் கைகள் பேசின. தட்டின, உடைத்தன, அள்ளின, ஓர் அநியாயத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது போல நிறுத்தின. காது கேட்காத நாலைந்து குடும்பங்கள் முன்வரிசையில் இருந்தன. காது கேட்பவர்கள் எல்லாரும் வேதத்தில் கண்ணோட்டி, அவள் கையோடு சேர்ந்து பக்கம் புரட்டினார்கள். ஒரு வசனமும் விடுபடவில்லை. ஜன்னல் வெளிச்சம் அந்த விரல்களுக்கிடையே வழிந்து வழிந்து போனது. தண்ணீருக்கடியில் நின்று கேட்பது போலிருந்தது கோழிக்காலுக்கு.

ஆராதனைக்குப் பின், வாசித்த குரலுக்கு உரியவரான போதகர் பக்கத்தில் வந்தார். "புரியாம இருந்திருக்கும். அவங்க வாரமெல்லாம் நம்ம வாய்க்காகக் காத்திருக்காங்க. கொஞ்ச நேரம் நாம அவங்க கைக்காகக் காத்திருக்கோம்."

கோழிக்கால் சுற்றிவளைக்கவில்லை. "இவ புருஷன் இவ கைய முறிச்சான். திரும்பிப் போகணும்னு வேதம் சொல்லுதா?"

அவர் தங்கையைப் பார்த்தார். "கை இப்ப எப்படிம்மா இருக்கு?"

தங்கை அழுதாள். இந்த மூன்று மாதத்தில் சபையைச் சேர்ந்த யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

பிறகு அவர் அந்தக் குடும்பப் பகுதியைத் திறந்து, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்பதிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். "தன் உடம்பைப் பேணுற மாதிரி பேணணும்னுதான் இதுல இருக்கு. முறிக்கச் சொல்லி எங்கேயும் இல்ல. நீங்க போக வேண்டாம். நான் தப்பா சொல்லியிருந்தா உங்க புத்தகத்தைத் திறந்து இப்பவே சொல்லுங்க."

தங்கை நிஜமாகவே திறந்து பார்த்தாள். கோழிக்காலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தாள். நீதிமன்றப் பதிவில் எதையும் அழிக்கக் கூடாது. கோடு கோடாகவே இருக்கும். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினோராவது சபைக்கான பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'வாசிப்பு முழுமை. பிழை எழுதியவளுடையது. நிமிர்ந்து பார்க்கவில்லை.'

உள்ளறையில் தங்கை துணிப்பையைக் கவிழ்த்து, புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், வலது கையால், மெதுவாக.