பனியன் துணியில் கிழக்கு

பல்லடம் பக்கம் புதுத் தையல் ஷெட்டுக்கு இடம் வாங்கிய என் மச்சானுக்கு ஒரே பிடிவாதம்: வாசல் நேர் கிழக்கே பார்க்க வேண்டும். பழைய ஷெட்டின் வாசல் கொஞ்சம் கோணல். அங்கே நடந்த கெட்டது அத்தனைக்கும் அந்த வாசலைத்தான் திட்டுவார். செல்போன் திசைகாட்டியோ, குவித்திருந்த இரும்புக் கம்பிகளைக் கண்டதும் சாமி வந்த மாதிரி சுற்றியது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பத்தாவதோடு நின்றவன் என்றாலும் நூலகத்தில் கண்டதைப் படிக்கிறவன். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன் கேரளத்து வானக் கணிதக்காரர்கள் கிழக்கை நிழலில் பிடித்த கதையைச் சொன்னேன். வட்டம் போட்டு நடுவில் குச்சி நடுவார்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குள் சூரியன் வடக்கே தெற்கே மயிரிழை நகர்ந்திருக்கும். அதையும் கணக்குப் போட்டுத் திருத்துவார்களாம்.

"மயிரிழையெல்லாம் வேண்டாமுங்க மாப்ள. வாசல் கோழிப்பண்ணையப் பாக்காம இருந்தாப் போதும்" என்றார் மச்சான். பண்ணை தென்கிழக்கில் இருந்தது.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்க வருவதாக ஏற்பாடு. செம்மண்ணில் நிழல் தெளிவாகத் தெரியாதென்று, வெள்ளைப் பனியன் துணியை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து வட்டம் போட்டேன். காலைப் புள்ளி அருமையாக விழுந்தது. பழைய ஷெட்டில் தைத்த துணியைக் குறை பார்த்துப் பிரிக்கும், செக்கிங் பார்க்கும் அக்கா எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அவரைத் துணிக்குக் காவல் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பிற்பகல் புள்ளியும் விழுந்தது. கொத்தனார் வந்து இரண்டையும் சேர்த்துக் கயிறு பிடித்தால், அது நேராகக் கோழிப்பண்ணைக்குப் போனது.

"முட்டைக்குப் பஞ்சமில்லீங்க" என்றார் கொத்தனார்.

மச்சான் முகம் சுண்டிப்போனது. குனிந்து பார்த்தேன். என் வட்டமே முட்டையாக இருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

"ஏனுங்க, என்னைய எதுக்குப் பாக்கறீங்க? மூலையில சுருக்கமாக் கெடந்துச்சு, இழுத்து உட்டேன். இருவது வருசமாச் செக்கிங் பாக்கற கை, சுருக்கத்தக் கண்டாச் சும்மா இருக்குமுங்களா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது திருப்பூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மயிரிழைத் திருத்தம் பேசிய எனக்குத் தெரியவில்லை.

"வேற எடத்துல வேலை கெடக்குதுங்க" என்றார் கொத்தனார். அப்புறம் அவரே, "செரி, நாளைக்கும் ஒருக்காப் பாத்துருவோம்" என்று ஓரமாக வட்டம் போட ஒரு சிமெண்ட் தளம் பூசிக் கொடுத்தார். மறுநாள் அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். கயிறு இந்த முறை பண்ணையை விட்டு நன்றாக விலகி ஓடியது.

ஷெட் எழுந்தது. பகலும் இரவும் சமமாக வந்து, சூரியன் நேர் கிழக்கே உதிக்கும் நாளில் விடியும்போதே போய் நின்றோம். வெயில் வாசல் வழியே நுழைந்து, வளையாமல் உள்ளே ஓடி, கடைசியில் இருக்கும் கட்டிங் மேசையில் ஏறியது. மச்சான் என் தோளை ஒருமுறை அமுக்கினார்.

"தெனம் இப்பிடி அடிச்சா துணி வெளுத்துருமுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர்.

அன்றே வாசலுக்குத் திரை கட்டினார்கள். பழைய முட்டை வட்டத் துணிதான். அக்கா போகும்போதும் வரும்போதும் அதன் சுருக்கத்தை இழுத்துவிட்டுத்தான் நகர்கிறார்.