கரண்டு போன நேரத்துக் கப்பல்

"அதான் சொல்லுதேன் செல்வி, எதுத்த வீட்டுக்காரி மருமவ ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல. கரண்டு இல்லாத வீட்டுல கைப்பிள்ளய வச்சுக்கிட்டு என்ன செய்வா? பனவடலிசத்திரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துருவா. இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் வாய் நீளம்."

பக்கத்து வீட்டுச் செல்வி மடியில் முறத்தை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. புழுங்குகிறது என்று ஊரே முகத்தைச் சுளிக்கும். எனக்கு மட்டும் தறி நின்றால் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் போனவள் மாதிரிச் சொல்கிறேன் பாருங்கள்.

"தனியா ஏன் ஆச்சி சிரிக்கீக?"

கதவு அடைத்துக்கொள்ளாமல் இருக்க நான் முட்டுக் கொடுத்திருந்த பழைய நாடாவைக் காட்டினேன். தறியில் நூலை இழுத்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுமே, அந்த மரக்கட்டை. இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் குழிந்து, அச்சு அசல் தோணிதான்.

"இந்த மாதிரிக் கட்டைய வச்சு நாங்க கப்பல் கட்டினோம்ட்டி."

"சங்கரன்கோவில்லயா? தெப்பக்குளத்துலயே தண்ணியக் காணும்."

அது பகலில் பாதி நேரம் கரண்டு இல்லாத காலம். தறிக்கூடத்தில் எனக்குத் தார் சுற்றுகிற வேலை; நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூலைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கரண்டு போனால் வீட்டுக்கும் போக முடியாது, எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? சிலர் தூங்குவார்கள், சிலர் சீட்டாடுவார்கள். காதர் பாய் மட்டும் கப்பல் கட்டினார்.

பாய் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து எங்கள் கூடத்தில் தறி ஓட்டினார். அங்கே ஒரு கடைக் கண்ணாடிக்குள் கையளவு பாய்மரக் கப்பலைப் பார்த்ததில் இருந்து அவருக்கு அந்தப் பித்து. எந்தக் கட்டை எங்கே என்று படம் போட்ட பெரிய தாள் ஒன்று வைத்திருந்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதனால் பாய், தறி மெக்கானிக் மாடசாமி, நான், மூன்று பேருக்கும் அந்தத் தாள் முன்னால் ஒரே படிப்பு.

தேய்ந்த நாடாக்களை ஒட்டி அடிக்கட்டை ஆக்கினோம். மரக்கடையில் கழித்துப்போட்ட தேக்குப் பட்டைகளை, பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவில் வெந்நீர் வைத்து ஊறப்போட்டு வளைத்தோம். அந்தப் புளித்த கஞ்சி வாசனையும் தேக்கு வாசனையும் சேர்ந்து இன்னும் என் மூக்கில் நிற்கின்றன. பாய்த்துணிக்கு மொடமொடவென்று கஞ்சி போட்டோம். கயிறு திரிப்பதும் கட்டுவதும் என் பொறுப்பு. நெசவு முடிச்சுத்தான் போட்டேன். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

திருச்செந்தூரில் நான் பார்த்த கப்பல் தூரத்தில் வெறும் புள்ளி. உடம்பைவிட உயரமாக மரத்தை நட்டு, துணியையும் கட்டிவிட்டு, அது எப்படிக் கவிழாமல் நிற்கிறது? கயிறு கட்டக் கட்ட எனக்கு அதே யோசனை.

"பாய், இது தண்ணியில நிக்குமா?"

"தங்கச்சி, இது அழகுக்கு வைக்கது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும்."

"தண்ணியில நின்னா அழகு கொறஞ்சிருமா?"

மாடசாமி சும்மா இருக்க மாட்டான். "அக்கா, கப்பலு நிக்குமான்னு கேக்கீக. மொதல்ல இந்த ஊர்ல கரண்டு நிக்குமான்னு கேளுங்க."

ஒருவழியாகக் கப்பல் முடிந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்துப்போய்ப் புளியங்குடியில் மகள் வீட்டில் வைக்கப்போவதாகப் பாய் சொன்னார். கண்ணாடிக்குள் போய்விட்டால் பிறகு எங்கே பார்ப்பது?

"ஒரு தடவ விட்டுப் பாத்துருவோம் பாய். இல்லன்னா எனக்குச் சாகுற வரைக்கும் தெரியாமலே போயிரும்."

பாய் கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரே தடவதான்" என்றார்.

கூடத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி இருந்தது. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இறக்கிக் கையை எடுத்தார். கப்பல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

"சொகமாப் படுத்துட்டு பாய்" என்றான் மாடசாமி. பாய் முகம் சுண்டிப்போய் அதைத் தூக்கப் போனார். நான் விடவில்லை.

"அது வயித்துல ஒண்ணுமே இல்ல பாய், பட்டினி. அதான் சாயுது. ஏலே மாடசாமி, கனமா எதையாவது கொண்டாலே."

அவன் கை நிறைய இரும்பு நட்டு அள்ளி வந்தான். மேல்தட்டில் இருந்த சின்னத் திறப்பு வழியாகப் பாய் ஒவ்வொன்றாகப் போட்டார். கப்பல் கொஞ்சம் அமிழ்ந்தது, ஆடியது, பிறகு நிமிர்ந்து நின்றது. வேப்பமரத்துப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது. பாய்த்துணி புடைக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கிளம்பியது, நாடா மாதிரியே.

பாதித் தொட்டி போவதற்குள் கரண்டு வந்துவிட்டது. ஆள் இல்லாமல் தறி ஓடினால் இழை அறுந்து நாசமாகிவிடும். மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினோம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கப்பல் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கஞ்சி கரைந்து பாய்த்துணி ஈரத்துண்டாகத் தொங்கியது. நனைந்த கயிறு இறுகி முன்பாய்மரத்தைச் சாய்த்திருந்தது. என் முடிச்சு ஒன்றாவது விட்டுக்கொடுக்க வேண்டுமே!

"முடிச்ச அறுத்துட்டு வேற கட்டித் தாறேன் பாய்."

"வேண்டாம் தங்கச்சி, கெடக்கட்டும். இது தண்ணி பாத்த கப்பலு. இப்படித்தான் இருக்கும்."

சாய்ந்த மரத்தோடேயே துண்டில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு புளியங்குடி பஸ்ஸில் போனார்.

இரண்டாவது கப்பலுக்கும் நாடா சேர்த்தோம். அதற்குள் கரண்டு போவது நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். தறி ஓடிக்கொண்டே இருந்தது, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்காரவே இல்லை. பாய் மகள் வீட்டோடு போய்விட்டார், மாடசாமி திருப்பூரில். அந்தக் கூடம் இருந்த இடத்தில் பைக் விற்கிறார்கள். புதுசாக வருகிற தறிகளில் நாடாவே கிடையாதாம். சேர்த்ததில் மிச்சம், என் கதவடியில் கிடக்கிற இது ஒன்றுதான்.

செல்வி உரிப்பதை நிறுத்தியிருந்தாள். "நீங்க ஓடினதுக்கப்புறம் அது அந்தக் கரைக்குப் போய்ச் சேந்துச்சா ஆச்சி?"

"அத யாருட்டி பாத்தா? சாயங்காலம் நடுத்தொட்டியில நின்னுச்சு, போயிட்டுத் திரும்புச்சோ என்னமோ. நானும் இன்னைக்கு வரைக்கும் அதத்தான்…"

தெருக்கோடியில் ஒரு தறி தடதடத்தது. அடுத்து இன்னொன்று.

"கரண்டு வந்துட்டு. இரு, மோட்டாரப் போட்டுட்டு வாரேன், தொட்டி காஞ்சு கெடக்கு."